பிஎச்பி 8.4 வந்த பிறகு எந்தப் பார்சரை எடுப்பது?

வலைப்பக்கம் ஒன்றிலிருந்து தலைப்பையும் விலையையும் எடுத்துத் தரும் பிஎச்பி ஸ்கிரிப்டைப் பத்து வரியில் எழுதிவிடலாம். ஆறு மாதம் கழித்தும் அது சரியான தலைப்பைத்தான் எடுக்கிறதா என்பதே கேள்வி. பக்கத்தின் டேக்குகளை வாசித்து மரமாக அடுக்கித் தரும் பார்சர்களை வேகத்தை வைத்து வரிசைப்படுத்தும் அட்டவணைகள் இதற்கு உதவாது. பக்கம் நெட்வொர்க்கில் வந்து சேரவே அரை நொடி ஆகும்போது பார்சர் மிச்சப்படுத்தும் இரண்டு மில்லிநொடியால் ஒன்றும் ஆகப்போவதில்லை. உள்ளே வரும் கோணல்மாணலான மார்க்கப்பை அது என்ன செய்கிறது, கெடுத்தால் சொல்லிவிட்டுக் கெடுக்கிறதா, சொல்லாமல் கெடுக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். எச்டிஎம்எல்லுக்கும் எக்ஸ்எம்எல்லுக்கும் ஒரே கருவி என்று தேடினால் தலைவலிதான் மிஞ்சும். எக்ஸ்எம்எல்லில் ஒரு பிழை இருந்தால் நின்றுவிட வேண்டும் என்பது விதி. எச்டிஎம்எல்லில் எவ்வளவு பிழை இருந்தாலும் பிரவுசர் போல ஏதோ ஒரு மரத்தைக் கட்டியே தீர வேண்டும் என்பது விதி. பிஎச்பியில் நீண்ட காலம் இரண்டையும் ஒரே வகுப்பின் தலையில் கட்டியிருந்தார்கள். பாதித் தொல்லை அங்கிருந்து வந்ததுதான்.

டாம்டாக்குமென்ட்: எக்ஸ்எம்எல்லுக்கு நம்பலாம், எச்டிஎம்எல்லுக்கு ஜாக்கிரதை

2004-இல் பிஎச்பி 5-உடன் வந்த வகுப்பு இது. அடியில் ஓடுவது லிப்எக்ஸ்எம்எல்2 என்ற சி நூலகம். எக்ஸ்எம்எல்லை இதில் ஏற்றினால் குறை சொல்ல அதிகம் இல்லை. லோட்எச்டிஎம்எல் என்ற மெத்தடைக் கூப்பிடும்போதுதான் வயது தெரிகிறது. அதன் உள்ளறிவு எச்டிஎம்எல் 4 காலத்தது. செக்‌ஷன், ஆர்ட்டிக்கிள், நாவ் போன்ற டேக்குகளைப் பார்த்தாலே 'செல்லாத டேக்' என்று எச்சரிக்கை மழை பொழியும். லிப்எக்ஸ்எம்எல்லின் 'யூஸ் இன்டெர்னல் எரர்ஸ்' செயற்கூறை ட்ரூ என்று வைத்து வாயை அடைப்பது வழக்கம். அடைத்த எச்சரிக்கைகள் மறைவதில்லை, ஒரு பட்டியலில் சேர்ந்துகொண்டே போகும். கியூ வொர்க்கர் போல நாள்கணக்கில் ஓடும் ப்ராசஸில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பிறகு 'கிளியர் எரர்ஸ்' கூப்பிடாவிட்டால் நினைவகம் மெல்ல ஏறும்.

எச்சரிக்கைகளைச் சகித்துக்கொள்ளலாம். எழுத்துகள் சிதைவதைச் சகிக்க முடியாது. உபுண்டு 22.04, 24.04, டெபியன் 12 ஆகியவற்றில் இருக்கும் 2.9 வரிசை லிப்எக்ஸ்எம்எல்2, பக்கத்துக்குள் கேரக்டர்செட் அறிவிப்பு இல்லையென்றால் உள்ளே வருவது ஐஎஸ்ஓ 8859-1 (லத்தீன் எழுத்துகளுக்கான குறியீடு) என்று எடுத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல் ஐந்து குறிகள், ஆக 15 பைட். அந்த 15 பைட்டும் 15 தனித்தனி லத்தீன் எழுத்துகளாக வாசிக்கப்படும். தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே என்பதால், தலையில் கோடு போட்ட சின்ன 'ஏ' (à) எழுத்து மூன்றுக்கொரு தடவை வந்துகொண்டே இருக்கும். டேட்டாபேஸில் அந்த வரிசையைக் கண்டால் குற்றவாளி இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். முழுப் பக்கத்தைத் தரும்போது பிரச்சினை தெரிவதில்லை, ஏனென்றால் அதன் தலைப்பகுதியில் மெட்டா டேக் இருக்கும். ஒரு கட்டுரையின் உடலை மட்டும், ஒரு டிவ் துண்டை மட்டும் தரும்போதுதான் சிக்கும். சோதனையில் தப்பித்து ப்ரொடக்‌ஷனில் மாட்டுவது இதனால்தான்.

இதற்கு எம்பி கன்வெர்ட் என்கோடிங்கில் எச்டிஎம்எல் என்டிட்டிஸ் என்று கொடுக்கும் வைத்தியம் பல பழைய குறிப்புகளில் இருக்கிறது. பிஎச்பி 8.2-லிருந்து அது கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்துவிட்டது, புதிதாக எழுத வேண்டாம். துண்டுக்கு முன்னால் யூடிஎஃப்-8 என்று சொல்லும் ஒரு மெட்டா கன்டென்ட்-டைப் டேக்கை ஒட்டி ஏற்றுவதே போதும். வெளியே எடுக்கும்போது இன்னொரு கூத்து உண்டு: என்கோடிங் குறிக்காத ஆவணத்தை முழுதாக சேவ்எச்டிஎம்எல் செய்தால் தமிழ் முழுவதும் எண் என்டிட்டிகளாக வரும். 'த' என்பது 2980 என்ற எண்ணாகி, ஆம்பர்சண்ட், ஹாஷ், அரைப்புள்ளியோடு சேர்ந்து ஏழு எழுத்தாகும். மூன்று பைட் ஏழாகப் பெருகும். பிரவுசரில் சரியாகத் தெரியும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. டேட்டாபேஸில் தேடினால் மட்டும் எதுவும் கிடைக்காது.

ஸ்கிரிப்ட் டேக்குக்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் சரத்தில் மூடும் டேக் எதையாவது எழுதியிருந்தால் அதையும் இந்த 2.9 வரிசை தின்றுவிடும். பக்கத்தை வாசிக்க மட்டும் என்றால் பரவாயில்லை. வாசித்து, மாற்றி, திரும்ப எழுதும் வேலைக்கு இதைத் தொடவே கூடாது.

8.4-இன் புதிய வகுப்பு

2024 நவம்பரில் வந்த பிஎச்பி 8.4, டாம் என்ற தனி நேம்ஸ்பேஸில் (பெயர்கள் மோதாமலிருக்கப் பிரித்த பெயர்வெளியில்) எச்டிஎம்எல்டாக்குமென்ட், எக்ஸ்எம்எல்டாக்குமென்ட் என்று இரண்டு வகுப்புகளைத் தந்தது. ஒருவழியாக இரண்டையும் பிரித்துவிட்டார்கள். எச்டிஎம்எல் பக்கம் லெக்ஸ்பார் என்ற நூலகம் வேலை செய்கிறது. எச்டிஎம்எல் 5 விதிப்படி, பிரவுசர் கட்டும் மரத்தையே கட்டுகிறது. குவெரிசெலக்டர், குவெரிசெலக்டர்ஆல் இரண்டும் உள்ளேயே இருப்பதால் சிஎஸ்எஸ் செலக்டருக்காகத் தனிப் பேக்கேஜ் சேர்க்க வேண்டியதில்லை. கிரியேட்ஃப்ரம்ஸ்ட்ரிங் மெத்தடின் மூன்றாவது ஆர்கியுமென்டாக என்கோடிங்கைத் தரலாம். பக்கம் எந்தக் கேரக்டர்செட்டில் வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் அதைக் கட்டாயம் தாருங்கள். மேலே புலம்பியது அத்தனையும் அந்த ஒரு சொல்லில் தீர்ந்துவிடும்.

புது வேலைக்கு இதைத்தான் எடுக்க வேண்டும். பழைய கோடை இதற்கு மாற்றுவோர் மட்டும் இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். முதலாவது, எல்லா எலிமென்ட்டும் எக்ஸ்எச்டிஎம்எல் நேம்ஸ்பேஸுக்குள் வரும். அதனால் இரண்டு சாய்வுக்கோடும் 'பி'யும் போட்ட எளிய எக்ஸ்பாத் (மரத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் பாதை) எதையும் பிடிக்காது. பிழைச்செய்தியும் வராது, வெறும் பட்டியல் வரும். நேம்ஸ்பேஸைப் பதிவு செய்யுங்கள், அல்லது ஏற்றும்போது 'எச்டிஎம்எல் நோ டீஃபால்ட் என்எஸ்' ஆப்ஷனைக் கொடுங்கள். எக்ஸ்பாத்தை விட்டுவிட்டுச் செலக்டருக்கு மாறுவது இன்னும் நல்லது.

இரண்டாவது, டிபாடி. டேபிளுக்குள் நேரடியாக டிஆர் எழுதியிருந்தால் எச்டிஎம்எல் 5 விதிப்படி நடுவில் ஒரு டிபாடி முளைக்கும். பழைய பார்சர் அதைச் சேர்க்காது. பிரவுசரின் டெவ்டூல்ஸில் காப்பி செய்த எக்ஸ்பாத் டாம்டாக்குமென்டில் வேலை செய்யாமல் பலர் முட்டிக்கொண்ட காரணம் இதுதான். இப்போது நிலைமை தலைகீழ்: நேம்ஸ்பேஸைக் கவனித்துவிட்டால் காப்பி செய்தது வேலை செய்யும், பழைய பார்சருக்காக டிபாடியை நீக்கி எழுதிய பாதைகள் உடையும்.

பழையதில் ஃபார்ஈச் சுற்றுக்குள் ரிமூவ் செய்தால் ஒன்றுவிட்டு ஒன்று தப்பித்துக்கொள்ளும், ஏனென்றால் டேக் பெயரில் எடுத்த பட்டியல் உயிருள்ள பட்டியல். குவெரிசெலக்டர்ஆல் தருவது அந்த நேரத்தின் நகல். அழிக்கும் வேலைக்கு அதையே பயன்படுத்துங்கள்.

டெபியன் 13-இல் பிஎச்பி 8.4 நேரடியாகக் கிடைக்கிறது. உபுண்டு 24.04-இல் இருப்பது 8.3. டெபியன் குடும்பத்தில் டாம், சிம்பிள்எக்ஸ்எம்எல், எக்ஸ்எம்எல்ரீடர் மூன்றும் எக்ஸ்எம்எல் என்று முடியும் தனிப் பேக்கேஜில் இருக்கின்றன. 'கிளாஸ் கிடைக்கவில்லை' என்று வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

8.4 கிடைக்காத சர்வரில்

மாஸ்டர்மைண்ட்ஸ் எச்டிஎம்எல்5 என்ற பேக்கேஜ் (பிஎச்பியின் கம்போசர் கருவியால் நிறுவுவது) முழுக்க பிஎச்பியிலேயே எழுதப்பட்டது. மெதுவானது, ஆனால் தருவது டாம்டாக்குமென்ட் பொருள் என்பதால் மற்ற கோட் அப்படியே ஓடும். நேம்ஸ்பேஸ் தொல்லை வேண்டாமென்றால் 'டிசேபிள் எச்டிஎம்எல் என்எஸ்' ஆப்ஷன் இருக்கிறது. மேலே சிம்ஃபனியின் டாம்கிராலரை வைத்தால் எழுதச் சுகமாக இருக்கும். அதன் டெக்ஸ்ட் மெத்தட் எதுவும் சிக்காதபோது எக்ஸப்ஷன் வீசும். இதை எரிச்சல் என்று நினைத்து டீஃபால்ட் மதிப்பு கொடுத்து அடக்குகிறார்கள். தளத்தின் வடிவமைப்பு மாறிவிட்டது என்று உங்களுக்குச் சொல்லும் ஒரே குரல் அதுதான். கட்டாயம் இருக்க வேண்டிய புலங்களுக்கு அதை அடக்காதீர்கள்.

சிம்பிள் எச்டிஎம்எல் டாம் என்ற பழைய ஒற்றைக் கோப்பு நூலகம் இன்னும் பல இடங்களில் ஓடுகிறது. அதன் 1 வரிசையில் 6 லட்சம் பைட்டுக்கு மேற்பட்ட பக்கத்தைக் கொடுத்தால் ஃபால்ஸ் திரும்பும், அடுத்த வரி ஃபைண்டில் ஸ்கிரிப்ட் விழும். லூப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கிளியர் கூப்பிடாவிட்டால் நினைவகத்தை விடாது. ஓடுவதை இன்றே பிடுங்க வேண்டாம், புதிதாகச் சேர்க்காமல் இருந்தால் போதும்.

பார்சருக்குப் பதில் ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (எழுத்துக்கோலத்தை வைத்துத் தேடும் முறை) வெட்டுவோருக்கு ஒரு வரி: பேக்ட்ராக் வரம்பு இயல்பாக 10 லட்சம், அதைத் தாண்டினால் ப்ரெக்_ரீப்ளேஸ் நல் திருப்பும். நல்லை அப்படியே சேமித்தால் கட்டுரை காலி.

வேர்ட்பிரஸ் பிளகின் எழுதுவோருக்கு மேலே உள்ள எதுவுமே தேவைப்படாமல் போகலாம். படங்களுக்கு ஓர் ஆட்ரிபியூட் சேர்ப்பது, லிங்க்குகளில் ரெல் மாற்றுவது போன்ற வேலைக்கு 6.2-இல் வந்த எச்டிஎம்எல் டேக் ப்ராசஸர் மரமே கட்டுவதில்லை. தொட்ட ஆட்ரிபியூட்டைத் தவிர மற்ற பைட்டுகளை அப்படியே விட்டுவிடும். இந்தக் கூட்டத்திலேயே மிகவும் அடக்கமான கருவி.

எக்ஸ்எம்எல் பக்கம்

சில எம்பி வரையிலான கோப்பு, வடிவமும் தெரியும் என்றால் சிம்பிள்எக்ஸ்எம்எல் போதும். மதிப்பை எடுக்கும்போது ஸ்ட்ரிங்காகக் காஸ்ட் செய்யுங்கள். செய்யாமல் செஷனில் போட்டால் சீரியலைஸ் செய்ய முடியாது என்று விழும். ஏற்றியது வெற்றியா என்று ஃபால்ஸோடு மூன்று சமக்குறி போட்டுப் பாருங்கள், வெறுமையான ரூட் எலிமென்ட்டும் இஃப்-இல் பொய்யாகிவிடும். மீடியா, டிசி போன்ற முன்னொட்டுள்ள டேக்குகள் அம்புக்குறியில் வராது, சில்ட்ரன் மெத்தடுக்கு நேம்ஸ்பேஸ் முகவரியைக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். ஜேசன் என்கோட் செய்து டீகோட் செய்யும் குறுக்குவழி இந்த டேக்குகளையும், எழுத்து உள்ள எலிமென்ட்களின் ஆட்ரிபியூட்களையும் கீழே போட்டுவிடும்.

கோப்பு பெரிதானால், முழு மரம் கட்டாமல் துண்டுதுண்டாக வாசிக்கும் எக்ஸ்எம்எல்ரீடர். இங்கே சமரசம் இல்லை. முழு மரத்தைக் கட்டும் வகுப்புகள் கோப்பின் அளவைப்போலப் பல மடங்கு நினைவகம் எடுக்கும். அந்த நினைவகத்தை லிப்எக்ஸ்எம்எல்2 தானாகவே வாங்கிக்கொள்வதால் பிஎச்பியின் மெமரி லிமிட் கணக்கில் அது வராது. 128 எம்பி என்று வரம்பு வைத்திருந்தாலும் ஸ்கிரிப்ட் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் லினக்ஸ் கெர்னல் ப்ராசஸைக் கொல்லும். பிஎச்பி லாகில் ஒரு வரிகூட இருக்காது.

தமிழ் விக்கிப்பீடியாவின் டம்ப் கோப்பை (அதன் பக்கங்களை மொத்தமாகத் தரும் எக்ஸ்எம்எல்) எடுத்துக்கொள்ளுங்கள். பிஇசட்2-ஆகச் சுருக்கியே வரும். பிஇசட்2 நீட்டிப்பு இருந்தால் கம்ப்ரெஸ் டாட் பிஜிப்2 என்ற ஸ்ட்ரீம் முன்னொட்டோடு ரீடரில் நேராகத் திறக்கலாம், விரித்து வைக்க வட்டில் இடம் வேண்டியதில்லை. முதல் பேஜ் வரும்வரை ரீட், அதன் பிறகு நெக்ஸ்ட்டுக்கு பேஜ் என்ற பெயரைக் கொடுத்துத் தாவுவது. ஒவ்வொன்றையும் எக்ஸ்பாண்ட் செய்து ஒரு டாம்டாக்குமென்டில் இம்போர்ட் செய்து சிம்பிள்எக்ஸ்எம்எல்லாக மாற்றினால் தலைப்பு, உரை எல்லாம் அம்புக்குறியில் கிடைக்கும். பொதுவான தவறு, வைல் நிபந்தனையில் ரீடையும் உள்ளே நெக்ஸ்ட்டையும் சேர்த்து வைப்பது. நெக்ஸ்ட் அடுத்த பேஜில் நிறுத்தும், உடனே ரீட் அதன் உள்ளே நுழைந்துவிடும், அந்த பேஜ் கணக்கில் வராது. எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாக வந்தால் அங்கே பாருங்கள்.

மற்றவர் தரும் ஃபீடில் வழக்கமாக வரும் கோளாறுகள் சில. முதல் வரிக்கு முன் ஒரு வெற்று வரி இருந்தாலே எக்ஸ்எம்எல் அறிவிப்பு தொடக்கத்தில் இல்லை என்று நிற்கும், எல்ட்ரிம் போதும். என்பிஎஸ்பி போன்ற எச்டிஎம்எல் என்டிட்டி எக்ஸ்எம்எல்லுக்குத் தெரியாது, எண் வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள். டாம்டாக்குமென்டின் ரிகவர் ஆப்ஷன் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும், ஆனால் எதை விட்டுவிட்டது என்று சொல்லாது. விலைப்பட்டியல் போன்றவற்றுக்கு வேண்டவே வேண்டாம்.

வெளியார் அனுப்பும் எக்ஸ்எம்எல்லில் 'நோஎன்ட்' ஆப்ஷனைப் போடாதீர்கள். என்டிட்டியை வேண்டாம் என்பதுபோல் ஒலிக்கிறது, செய்வது நேரெதிர்: என்டிட்டிகளை விரித்து எழுதும், அதன் வழியாக சர்வரின் உள்கோப்புகளை வாசிக்கவும் கதவு திறக்கும். 2.9-லிருந்து லிப்எக்ஸ்எம்எல்2 வெளி என்டிட்டிகளைத் தானாக ஏற்றாது. அந்தப் பாதுகாப்பை நாமே கழற்றுவதுதான் இது. 'பார்ஸ்ஹ்யூஜ்' ஆப்ஷனும் இதே ரகம். ஒரு எழுத்துத் துண்டு ஒரு கோடி பைட்டைத் தாண்டக்கூடாது என்பது போன்ற வரம்புகளை அது நீக்கும். உங்கள் சொந்தக் கோப்புக்கு மட்டும் போடுங்கள்.

எந்தப் பார்சரும் செய்யாத வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பக்கத்தில் கொழும்பு ஒரு விதமாகவும் உங்கள் எக்ஸ்பாத்தில் இன்னொரு விதமாகவும் இருந்தால் கன்டெய்ன்ஸ் பொருந்தாது. இன்ட்ல் நீட்டிப்பின் நார்மலைசரில் என்எஃப்சி (இரண்டு குறிகளை ஒன்றாகச் சேர்க்கும்) வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள், தேடும் சொல்லையும் அதே வடிவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத சுழியகல இணைப்பு நீக்கிக் குறி (ஜீரோ விட்த் நான்-ஜாய்னர்) நடுவில் ஒளிந்திருந்தால் அது என்எஃப்சியில் போகாது, தனியாகத்தான் நீக்க வேண்டும்.