பழைய டர்போ டீசலில் வேக்குவம் கசிவு: கைப்பம்பும் கேஜும் நீண்ட காலப் பயன்பாட்டில்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய டர்போ டீசல் காரில் இழுவை குறைந்தால் எல்லார் கையும் டர்போவைத்தான் காட்டும். பல சமயம் குற்றவாளி சுண்டு விரல் தடிமன்கூட இல்லாத வேக்குவத்தை, அதாவது உறிஞ்சும் விசையை, கொண்டுபோகிற ஒரு ரப்பர் டியூப்பாக இருக்கும். ஸ்கேனர் P0299 என்று பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) குறைவைச் சொல்லும். எங்கே கசிகிறது என்று சொல்லாது. அதைச் சொல்வது கேஜ் வைத்த வேக்குவம் கைப்பம்பு.

பெட்ரோல் இன்ஜினில் பழகியவர்கள் டியூப்களின் மேல் ஸ்ப்ரே அடித்து, ஐடில் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். டீசலில் அது பலிக்காது. த்ராட்டிலை வைத்து மேனிஃபோல்டில் வேக்குவம் உண்டாக்கும் வழி இங்கே இல்லை. கேம்ஷாஃப்டோ ஆல்டர்னேட்டரோ சுற்றுகிற தனிப் பம்ப்தான் காற்றை உறிஞ்சி, இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் தள்ளுகிறது. ஓட்டை வழியாகப் போகிற காற்று சிலிண்டருக்கே போவதில்லை, ஐடில் எப்படி மாறும்? சோப்புத் தண்ணீரும் வீண். உறிஞ்சுகிற இடத்தில் நுரை வராது. எரியக்கூடிய ஸ்ப்ரேயை கிராங்க்கேஸுக்குள் அனுப்பியதுதான் மிச்சம்.

ஒரே பம்பை நம்பி பிரேக் பூஸ்டர், டர்போவை இயக்கும் ஆக்சுவேட்டர், புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் வால்வு, இன்டேக் ஃபிளாப் எல்லாம் இருக்கின்றன. அதனால் கசிவது ஓரிடம், தொந்தரவு தெரிவது வேறிடம். இஜிஆர் வால்வின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்தால் டர்போ சோர்ந்துபோகும். மெர்சிடிஸ் டபிள்யூ123 டீசலில் கதவுப் பூட்டும் இன்ஜினை நிறுத்தும் வால்வும் வேக்குவத்தில்தான் ஓடுகின்றன. கதவுக்குள் ஒரு டயாஃப்ரம் போனால் சாவியைத் திருப்பி எடுத்தும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். பானெட்டைத் திறந்து ‘ஸ்டாப்’ லீவரை அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். கதவுப் பூட்டுக்குப் போகிற லைனை மட்டும் அடைத்துவிட்டு மறுபடி சாவியால் நிறுத்திப் பாருங்கள். நின்றால் தேட வேண்டிய இடம் கதவு, இன்ஜின் அல்ல.

கைப்பம்பு வாங்கும்போது உலோக உடம்புள்ளதையே வாங்கலாம். பிளாஸ்டிக் பம்பும் வேலை செய்யும். ஆனால் நாளடைவில் கேஜ் திருகும் கழுத்தில் விரிசல் விட்டு அதுவே கசிய ஆரம்பிக்கும். எந்தப் பம்பானாலும் முதல் சோதனை அதற்குத்தான். முனையை அடைத்து 20 இன்ச் (பாதரச அளவில்) வரை, அதாவது சுமார் 0.68 பார், இழுத்து இரண்டு நிமிடம் விடுங்கள். விரிசல் இல்லாமலே முள் இறங்கினால் பெரும்பாலும் பிஸ்டன் ஓ-ரிங் காய்ந்திருக்கிறது. துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் சரியாகும். இதைச் செய்யாமல் நல்ல ஆக்சுவேட்டரைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

காரில் முதலில் பார்க்க வேண்டியது அதன் சொந்த வேக்குவம் பம்ப். இன்ஜினைச் சூடாக்கி, பம்ப் அவுட்லெட்டில் கேஜை நேரடியாக மாட்டினால் ஐடிலிலேயே 24 முதல் 27 இன்ச் சில நொடிகளில் வர வேண்டும். இது கடல் மட்டக் கணக்கு. ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ ஓர் இன்ச் குறையும். 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே 25 இன்ச்தான் என்பதால் அங்கே 21 காட்டும் பம்பைக் குறை சொல்ல முடியாது. மெதுவாக ஏறினால் பம்புக்குள் சுழலும் தகடுகள் தேய்ந்திருக்கலாம், அல்லது பம்புக்கு ஆயில் வரும் துளை அடைத்திருக்கலாம்.

பிரேக்கைத் தள்ளிப்போடக் கூடாது. இன்ஜின் நின்றிருக்கும்போது பெடலை நாலைந்து முறை அழுத்தி, இறுகியதும் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அதைச் சரிசெய்யும்வரை காரை எடுக்காதீர்கள்.

அடுத்து ஒவ்வொரு கிளையாகப் பிரிப்பது. இன்ஜினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு டியூப்பையும் அதன் முனையில் கழற்றி, கைப்பம்பை மாட்டி, 20 இன்ச் இழுத்து ஒரு நிமிடம் பாருங்கள். பழைய கடினமான பிளாஸ்டிக் லைனைப் பிளையரால் நசுக்கிச் சோதிக்காதீர்கள். இல்லாத கசிவு உண்டாகும். சரியான அளவு போல்ட்டால் முனையை அடைப்பதே நல்லது.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் டர்போ ஆக்சுவேட்டர். முதலில் அது வேக்குவத்தில் ஓடுவதா, பூஸ்ட் அழுத்தத்தில் ஓடுவதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வேக்குவத்தில் ஓடும் விஜிடி டர்போக்களில் (உள்ளே ‘வேன்’ என்னும் அசையும் தகடுகள் உள்ளவை) பொதுவாக இழுத்தால் வேன்கள் மூடும், விட்டால் திறக்கும். கசிவு என்றால் வேன்கள் திறந்தே கிடக்கும். 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே கார் நகரவே யோசிக்கும். பல டர்போக்களில் ஆக்சுவேட்டரின் ராட் 3–4 இன்ச் வேக்குவத்தில் அசைய ஆரம்பித்து 18 இன்ச் வாக்கில் கடைசிவரை போய்விடும். பார்க்க வேண்டியது அசைவின் தன்மை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போய்வந்தால் சரி. பாதியில் நின்று சட்டென்று குதித்தால் டயாஃப்ரமில் குறையில்லை, வேன்களில் கரி பிடித்திருக்கிறது.

பூஸ்ட் குறையாமல் அதிகமாகி P0234 வந்தால், ஆக்சுவேட்டருக்குப் போகிற வேக்குவத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வான சோலினாய்டின் மூன்றாவது முனையைப் பாருங்கள். ஒன்று பம்பிலிருந்து, ஒன்று ஆக்சுவேட்டருக்கு, மூன்றாவது வெளிக்காற்றுக்கு. அந்த மூன்றாவதின் சின்ன ஃபில்டர் தூசியும் எண்ணெயும் அடைத்துப் போனால் உள்ளே பிடித்த வேக்குவம் வெளியேறாது, வேன்கள் மூடியபடியே நிற்கும். ஃபில்டரை ஒரு நிமிடம் கழற்றிவிட்டு ஓட்டினாலே வித்தியாசம் தெரியும். சோலினாய்டைக் கழற்றுவதற்கு முன் டியூப்களுக்கு ஆளுக்கொரு நிறத்தில் டேப் சுற்றிவிடுங்கள். மாற்றி மாட்டினால் புதிய குழப்பம்.

டியூப் விஷயத்தில் நிறம் நிறமான சிலிக்கானுக்கு எங்கள் ஓட்டு இல்லை. எண்ணெய் பட்டால் உப்பும். சுவர் மெலிதாக இருந்தால் சூட்டில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும். அப்போது கசிவே இருக்காது, கேஜும் இறங்காது, ஆனால் ஆக்சுவேட்டர் சோம்பேறியாகிவிடும். நூல் பின்னிய ரப்பர் டியூப், முனைக்கு ஏற்ற உள்விட்டத்தில் (பல கார்களில் 3.5 மிமீ சுற்றி), பல வருடம் தாங்குகிறது. பழைய டியூப்பை வளைத்து அடிப்பக்கம் பாருங்கள். வெடிப்பு மேலே தெரியாது. முனையில் மட்டும் இறுகியிருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டி மாட்டலாம். அது வீடு போய்ச் சேர மட்டும்.

டி-இணைப்புகளை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. சிலவற்றின் ஒரு காலில் ஊசி முனை அளவே துளை இருக்கும். கிளையில் கசிந்தாலும் பிரேக்குக்கான வேக்குவம் ஒரேயடியாக இறங்காமல் காப்பது அந்தத் துளைதான். அடைத்திருக்கிறது என்று நினைத்துத் துளை போட்டுப் பெரிதாக்கிவிடுவார்கள். ஒருவழி வால்வுக்கும் திசை உண்டு. ஒரு பக்கம் ஊதினால் போக வேண்டும், மறுபக்கம் போகக் கூடாது.

நிற்கும்போது எல்லாம் சரி, ஓட்டினால் தொந்தரவு என்றால் சோலினாய்டுக்கு முன் ஒரு டி போட்டு, நீளமான டியூப்பில் கேஜை உள்ளே கொண்டுவந்து, பக்கத்தில் ஒருவரைப் பார்க்கச் சொல்லி மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்சிலரேட்டரில் ஏற்றுங்கள். அங்கே முள் சரிந்தால் பம்ப் அல்லது கசிவு. அங்கே நிலையாக நின்று, கேஜை ஆக்சுவேட்டர் பக்கம் மாற்றிப் பார்க்கும்போது ஆரம்பத்திலேயே குறைவாக இருந்தால் சோலினாய்டு அல்லது அதன் வயரிங். மேல் ஆர்பிஎம்மில் ஆக்சுவேட்டர் பக்கம் குறைவது இயல்பு. இன்ஜின் கம்ப்யூட்டரான இசியு வேண்டுமென்றே வேன்களைத் திறக்கிறது. இரண்டு பக்கமும் ஒழுங்காக இருந்து பூஸ்ட் மட்டும் வராமல், கரும்புகையும் ஊதல் சத்தமும் இருந்தால் வேக்குவத்தை விட்டுவிட்டு இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப்களில் எண்ணெய்ப் பிசுக்கைத் தேடுங்கள்.