கிளவுட் கேமிங்கா, சொந்தக் கன்சோலா? சந்தா கட்டும் முன் ஒரு அலசல்

2025 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் இந்தியாவுக்கு வந்தது. அதே சமயத்தில் கணினிக்கும் கன்சோலுக்கும் வேண்டிய நினைவகச் சிப்பான ரேமின் விலையும் ஏற ஆரம்பித்தது. "ஐம்பதாயிரத்துக்கு மேல் போட்டு கன்சோல் வாங்கணுமா, மாசம் ஐந்நூறு கட்டினால் போதாதா?" என்ற கேள்வியை அதிலிருந்து அடிக்கடி கேட்கிறேன். நியாயமான கேள்விதான். கேம் ஓடுவது எங்கோ ஒரு சர்வரில். நம் வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்போ போனோ வெறும் திரை. கன்ட்ரோலரில் நாம் அழுத்துவது அங்கே போகிறது, படம் வீடியோவாக இங்கே வருகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்து, வேலை முடிந்து வந்து ஒன்றிரண்டு மணி நேரம் கதையுள்ள கேம்களை ஆடுகிறவருக்குக் கிளவுட் இன்று நன்றாகவே ஒத்துவரும். வாலரன்ட் மாதிரி கண்ணிமைக்கும் நேரத்தில் சுட வேண்டிய போட்டி கேம்களே உயிர் என்பவருக்கு ஒத்துவராது. ஆனால் எந்தச் சேவையை எடுப்பது என்பதைப் படத்தின் தெளிவை வைத்து முடிவு செய்யாதீர்கள். நாளைக்கே அதை மூடிவிட்டால் நம் கையில் என்ன மிஞ்சும் என்று முதலில் பாருங்கள்.

மூடியவர்கள் விட்டுப்போனது

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2010 ஜூனில் அமெரிக்காவில் தொடங்கிய ஆன்லைவ் என்ற கிளவுட் கேமிங் சேவை, 2015 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. அதன் காப்புரிமைகளை சோனி வாங்கிக்கொண்டது. அடுத்து கூகுளின் ஸ்டேடியா. 2019 நவம்பர் 19-ல் வந்தது, 2023 ஜனவரி 18-ல் முடிந்தது. தொழில்நுட்பத்தில் ஸ்டேடியா மட்டம் இல்லை. நல்ல இணைப்பில் குரோம் உலாவியைத் திறந்து சில விநாடிகளில் கேமுக்குள் போய்விடலாம். அடிபட்டது வியாபார முறையில்தான். ஒவ்வொரு கேமையும் முழு விலை கொடுத்து அங்கேயே வாங்க வேண்டும், அங்கே மட்டும்தான் ஆட முடியும். வேறு கடையில் செல்லாத பொருளுக்கு அறுபது டாலர் கொடுக்க மக்கள் யோசித்தார்கள். அந்த யோசனை சரியாகத்தான் இருந்தது.

மூடும்போது கூகுள் கேம்களுக்கும் கன்ட்ரோலருக்கும் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கேம் தயாரிக்கும் யூபிசாஃப்ட், ஸ்டேடியாவில் வாங்கிய தன் கேம்களைப் பிசியிலும் தந்தது. இரண்டும் அவர்களாகப் பார்த்துச் செய்தது. அடுத்து மூடும் நிறுவனமும் அப்படியே செய்யும் என்று நம்பிப் பணத்தைப் போட முடியாது. பணம் திரும்பியவர்களுக்கும் எல்லா கேம்களின் சேவ் ஃபைலும் (ஆடியவரை சேமித்த பதிவு) வேறு இடத்துக்கு நகரவில்லை. எண்பது மணி நேரம் ஆடி வளர்த்த பாத்திரம் போய்விட்டால், டாலர் திரும்பி வந்து என்ன பயன்?

இப்போது இருக்கும் வழிகள்

நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் சந்தா. 2025 அக்டோபரில் அறிவித்த இந்திய விலைப்படி எசென்ஷியல் மாதம் 499 ரூபாய், பிரீமியம் 699, அல்டிமேட் 1,389. மூன்றிலும் கிளவுட் உண்டு. எசென்ஷியலில் ஐம்பதுக்கு மேல் கேம்கள், பிரீமியத்தில் இருநூறுக்கு மேல், அல்டிமேட்டில் நானூறுக்கு மேல். அல்டிமேட்டில் படத்தின் தெளிவு 1440பி வரை போகும், வரிசையில் காத்திருப்பதும் குறைவு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். அல்டிமேட்டை மூன்று வருடம் விடாமல் கட்டினால் 50,004 ரூபாய். 2024-ல் சோனியின் கன்சோலான பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) ஸ்லிம் டிஸ்க் மாடல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 54,990. மூன்று வருடச் சந்தாவும் ஒரு கன்சோலும் கிட்டத்தட்ட ஒரே தொகைதான். கன்சோலுக்குத் தனியாக கேம் வாங்க வேண்டும் என்பது உண்மை, புதிய கேம் என்றால் ஐயாயிரம் வரை போகும். ஆனால் டிஸ்க்கை ஆடி முடித்துவிட்டு விற்கலாம், நண்பரிடம் மாற்றிக்கொள்ளலாம். சந்தாவை நிறுத்திய மறுநாள் பட்டியலில் இருந்த நானூறில் ஒன்றைக்கூட ஆட முடியாது. சந்தா ஓடும்போதே சில கேம்கள் பட்டியலைவிட்டுப் போய்க்கொண்டும் இருக்கும்.

அதனால் எசென்ஷியல்தான் பார்க்க வேண்டிய திட்டம் என்பேன். வருடத்துக்கு 5,988 ரூபாய். புதிய கேம் வெளியான அன்றே ஆட வேண்டும் என்ற அவசரம் இல்லாதவருக்கு ஐம்பது கேம்கள் தாராளம். சேவ் ஃபைல் உங்கள் எக்ஸ்பாக்ஸ் கணக்கில் இருப்பதால் நாளைக்கு ஒரு எக்ஸ்பாக்ஸ் வாங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தனியாக வாங்கிய சில கேம்களைக் கிளவுடில் ஓட்டும் வசதியும் 2024 இறுதியிலிருந்து இருக்கிறது.

இன்னொரு வழி என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ். இவர்கள் கேம் விற்பதில்லை, கணினியைத்தான் வாடகைக்கு விடுகிறார்கள். ஸ்டீம், எபிக் போன்ற இணையக் கடைகளில் நீங்கள் வாங்கிய பிசி கேமை அவர்களுடைய கிராபிக்ஸ் கார்டில் ஓட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் இலவசத் திட்டத்தில் ஒரு முறை நுழைந்தால் ஒரு மணி நேரம் ஆடலாம். 9.99 டாலர் திட்டத்தில் ஆறு மணி நேரம், 19.99 டாலர் அல்டிமேட்டில் எட்டு மணி நேரம். காசு கட்டுகிறவர்களுக்கும் மாதம் நூறு மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவருக்கு அது போதும், கோடை விடுமுறையில் இருக்கும் கல்லூரி மாணவருக்குப் போதாது.

கொள்கையளவில் எனக்குப் பிடித்த முறை இதுதான். சேவை மூடினாலும் கேம் உங்கள் ஸ்டீம் கணக்கில் பத்திரமாக இருக்கும். இதற்கு ஒரு பழைய சோதனையும் உண்டு. 2020 பிப்ரவரியில் இந்தச் சேவை முழுதாக வெளியான சில நாட்களிலேயே ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் நிறுவனம் தன் கேம்களை விலக்கிக்கொண்டது, பின்னாலேயே பெதஸ்தா என்ற இன்னொரு கேம் நிறுவனமும் போனது. இரண்டுமே பின்னர் மைக்ரோசாஃப்டின் கைக்குப் போயின; 2023-ல் அது என்விடியாவுடன் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அந்த கேம்கள் திரும்ப ஆரம்பித்தன. இடைப்பட்ட காலத்தில் ஆடியவர்களுக்குத் தொல்லைதான், ஆனால் வாங்கிய கேமை யாரும் இழக்கவில்லை. ஸ்டீமில் உள்ள எல்லாமே இங்கே ஓடாது என்பதையும் இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். சந்தா எடுக்கும் முன் உங்கள் கேம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இந்தியாவுக்கு வருவதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்த வருடத்தின் முதல் பாதி என்று சொன்ன தேதி தள்ளிப்போனது.

சோனியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிளவுட் ஸ்ட்ரீமிங் இருப்பது பிளேஸ்டேஷன் பிளஸ் பிரீமியத்தில். இந்தியாவில் அதற்குப் பதில் டீலக்ஸ் என்ற திட்டத்தை விற்றார்கள், அதில் கிளவுட் கிடையாது.

இணைப்புதான் பாதி கேம்

முதலில் டேட்டா. ஜிஃபோர்ஸ் நவ் 720பி படத்துக்கு 15 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 15 மெகாபிட்) வேகம் கேட்கிறது, 1080பி-க்கு 25. அந்த 25 முழுதாக ஓடினால் மணிக்கு 11 ஜிபிக்கு மேல் போகும். வீட்டு ஃபைபரில் வழக்கமாகத் தரும் 3,300 ஜிபிக்கு இது பெரிய சுமை இல்லை, மாதம் 290 மணி நேரம் ஆடினாலும் தாங்கும். மொபைலில் தினம் 2 ஜிபி பேக் என்றால் கதை வேறு. 15 எம்பிபிஎஸ் ஓட்டத்திலேயே 18 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அன்லிமிடெட் 5ஜி இருப்பவருக்கு அளவுக் கவலை இல்லை, ஆனால் சாயங்காலம் டவரில் கூட்டம் சேரும்போது படம் திக்கித் திக்கி வரும்.

வேகத்தைவிட முக்கியம் தாமதம். ஃபைபருக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் சர்வர் இருந்தால் போய்வரவே 10 மில்லி விநாடி. கேபிள் நேராகப் போவதில்லை, நடுவே ரவுட்டர்கள் வேறு, அதனால் நடைமுறையில் இதைவிடக் கூடும். சர்வர் படத்தை வீடியோவாகச் சுருக்குகிறது, உங்கள் லேப்டாப் அதை விரிக்கிறது, அதற்கும் நேரம். விநாடிக்கு 60 ஃபிரேம் (படம்) காட்டும் கேமில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி விநாடி. எல்லாம் சேர்ந்து நாலைந்து ஃபிரேம் பிந்துவது சாதாரணம்.

அது எப்படி உணரப்படும் என்பதற்கு கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33 நல்ல உதாரணம். முறை வைத்து மாறி மாறி ஆடும் கேம், பார்த்தால் கிளவுடுக்கென்றே செய்ததுபோல இருக்கும். ஆனால் எதிரி அடிக்கும்போது சரியான கணத்தில் தடுக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், அந்தக் கணமோ மிகச் சிறியது. கன்சோலில் வாள் வருவதைப் பார்த்து அழுத்தலாம். கிளவுடில் வாள் கிளம்பும்போதே அழுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். விலகித் தப்பிக்கும் பொத்தானுக்கு அவகாசம் கொஞ்சம் அதிகம், அதில் கை பழகிய பிறகு தடுப்புக்கு வாருங்கள். தாமதம் எப்போதும் ஒரே அளவில் இருந்தால் கை பழகிவிடும். ஒரு அடிக்கு 50 மில்லி விநாடி, அடுத்ததுக்கு 120 என்று குதித்தால் யாராலும் பழக முடியாது.

அந்தக் குதிப்பு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான் பிறக்கிறது. ஸ்பீட் டெஸ்டில் 100 எம்பிபிஎஸ் காட்டும், ஆனால் பக்கத்து அறையில் யாரோ போனில் வீடியோக்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்கள், ரவுட்டரில் வரிசை நீளும், உங்கள் பொத்தான் அந்த வரிசையில் நிற்கும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பக்கத்து வீட்டு சிக்னல் எல்லாம் சேர்ந்து நெரிசல். 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். முடிந்தால் ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். சில நூறு ரூபாய்ச் செலவு, அல்டிமேட் திட்டத்துக்கு மாறுவதைவிடப் பெரிய முன்னேற்றம் தரும். டிவியில் ஆடினால், தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் அமைப்பைப் போட்டுவிடுங்கள்.

படத்தில் ஒரு குறை எப்போதும் இருக்கும். ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்ற கார் பந்தய கேமில் சாலையை விட்டு இறங்கி வயலுக்குள் வேகமாகப் போனால் புல் இதழ்கள் தனித்தனியாகத் தெரியாது, பச்சைக் கூழாகக் கலங்கும். நின்றதும் தெளிந்துவிடும். போன் திரையில் இது கண்ணில் படாது, 55 அங்குல டிவியில் படும்.

கிளவுட் முழுதாக வெல்லும் இடமும் உண்டு. இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் கேமைப் பிசியில் ஓட்ட ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும்) வசதியுள்ள கிராபிக்ஸ் கார்டும் 120 ஜிபி இடமும் வேண்டும். ஆபீஸ் லேப்டாப்பில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. கிளவுடில் அதே லேப்டாப்பில் ஓடும், பதிவிறக்கக் காத்திருக்கவும் வேண்டாம். பெரிய கேம் ஒன்று நமக்குப் பிடிக்குமா என்று அரை மணி நேரம் ஆடிப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஏற்கெனவே ஒரு பெட்டி வைத்திருப்பவருக்கு

வீட்டில் ஒரு கேமிங் பிசியோ பிஎஸ்5-ஓ இருந்தால் எந்தச் சந்தாவும் வேண்டியதில்லை. பிசியில் ஓடும் கேமைப் போனிலோ டிவியிலோ காட்டும் ஸ்டீம் லிங்க் செயலி இலவசம். அல்லது பிசியில் சன்ஷைன், போனில் மூன்லைட் என்ற செயலிகளைப் போட்டால் மொட்டை மாடியிலோ படுக்கையிலோ அதே கேமைத் தொடரலாம். பிஎஸ்5-க்கு இதே வேலையைச் செய்யும் ரிமோட் பிளே இருக்கிறது. சர்வர் அடுத்த அறையில் இருப்பதால் தாமதம் மிகக் குறைவு, கேமும் உங்களுடையது. டிவியை வீட்டார் பிடித்துக்கொள்ளும் குடும்பங்களில் பலருக்குத் தேவைப்படுவது உண்மையில் இதுதான்.

எதுவும் இல்லாதவர் சந்தா எடுக்கும் முன் ஃபோர்ட்நைட்டில் சோதித்துப் பாருங்கள். 2022 மே முதல் எக்ஸ்பாக்ஸ் கிளவுடில் அதற்குச் சந்தா தேவையில்லை, மைக்ரோசாஃப்ட் கணக்கு போதும். மதியம் பார்க்காதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு, வீட்டில் எல்லாரும் இணையத்தில் இருக்கும்போது, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து ஆடுங்கள். சுட்டதும் துப்பாக்கி வெடிக்கிறதா, திரும்பும்போது படம் உடைகிறதா என்று கவனியுங்கள். சில இரவுகள் நன்றாக ஓடினால் ஒரு மாதத்துக்கு மட்டும் எசென்ஷியல் எடுங்கள், எடுத்த கையோடு கணக்கு அமைப்பில் தானியங்கிப் புதுப்பித்தலை அணைத்துவிடுங்கள். சேவை இல்லாவிட்டால் ஆட முடியாத கேமைப் பணம் கொடுத்து வாங்காதீர்கள். வாங்கத் தோன்றினால் ஸ்டீம் தள்ளுபடி வரும்வரை பொறுங்கள்.