அஞ்சு வருசமாகத் தூக்காத மோட்டாரும் ராத்திரியில் கூப்பிடும் பெட்டியும்

போன வாரம் மாப்பிள்ளை போனில் கேட்டான்: "ஏன் மச்சா, உங்க போர்வெல் மோட்டார் மாத்தி அஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சல்ல, எப்படி ஓடுது? நானும் பழசைக் கடாசிட்டு அதையே வாங்கிரலாமா?"

கேட்ட நேரம்தான் சரியில்லை. கரண்டில் கோளாறு வந்தால் மோட்டாரை நிறுத்திக் காக்கிற பேனல் பெட்டிக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு செத்து, சர்வீஸ் ஆள் "நாளைக்கு வர்றனுங்க" என்று சொல்லியே மூன்று நாள் ஓடியிருந்தது. மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. காவலுக்கு வைத்த பெட்டிக்குத்தான் சீக்கு. கடைசியில் தோட்டத்துக் கொட்டகையில் கிடந்த பழைய ஸ்டார்ட்டரைத் தேடி எடுத்தேன். பச்சைப் பட்டனைச் சுற்றிக் குளவி மண் அப்பிக் கூடு கட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி, ஒயரை மாற்றிக் கொடுத்து அமுக்கினேன். ஒரே அமுக்கில் தண்ணீர் வந்தது. அந்தக் கடுப்பில் மாப்பிள்ளையிடம் என்ன சொன்னேன் என்றே நினைவில்லை. ஒழுங்கான பதில் இது.

ஏழரை எச்பி, ஆறரை இஞ்ச் போர், 380 அடியில் தொங்குகிறது. ஸ்டேஜ் எத்தனை, எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்பதையெல்லாம் கடைக்காரரே ஒப்பிப்பார். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: 2020 தை மாதம் உள்ளே போனது, இன்றுவரை மேலே வரவில்லை.

போர் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். மோட்டார் தூக்குவது என்றால் வண்டி வர வேண்டும். வண்டிக்காரர் நாலு தோட்டம் முடித்துவிட்டுத்தான் வருவார். இருபது அடிக் குழாய் பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் கிளாம்ப் போட்டு, செயின் ரிஞ்சால் திருகி, கழற்றிச் சாய்த்தால் உள்ளே நின்ற தண்ணீர் துருவோடு காலில் கொட்டும். பத்தொன்பதாவது குழாய்க்குக் கீழே மோட்டார் தலை தெரியும்போதே கருகல் வாசனை வந்துவிட்டால் அப்புறம் யாரும் பேச மாட்டார்கள். காயில் கட்ட, அதாவது உள்ளே எரிந்த கம்பிச் சுற்றை எடுத்துவிட்டுப் புதுசு சுற்ற, இரண்டு மூன்று நாள், மறுபடி வண்டி, மறுபடி பத்தொன்பது குழாய்.

பழைய மோட்டாரில் இந்தக் கூத்து மூன்று வருடத்தில் நாலு தடவை. கம்பியோடு சேர்த்துக் காயிலுக்குப் பத்தாயிரம், தூக்கி இறக்க ஐந்து, புஷ்ஷும் சில்லறையும் இரண்டு. ஆக 17,000. நாலுக்கு 68,000. புது மோட்டார் 58,000, பெட்டி 14,000, மொத்தம் 72,000. மூன்று வருடம் எரிந்து எரிந்து அழுத காசு ஒரு புது செட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம் என்பது, நோட்டில் எழுதிக் கூட்டிய அன்றுதான் உறைத்தது. தவணை தவணையாகப் போகிற காசு வலிக்காது, அதனால் யாரும் கூட்டுவதில்லை.

கடையில் ஐந்து நட்சத்திர ஸ்டிக்கரைக் காட்டிக் கரண்ட் மிச்சமாகும் என்றார்கள். விவசாய இணைப்புக்குக் கரண்ட் இலவசம். வீட்டு ஃபேன் என்றால் பில் குறையும். என் போருக்குக் குறைவதற்குப் பில்லே கிடையாது. இதில் மிச்சம் என்று வந்தால் எரியாமல் இருப்பதில்தான் வர வேண்டும்.

உண்மையில் என்னை வாங்க வைத்தது தக்காளி. 2019 சித்திரை வெயிலில், ஒரு ஏக்கர் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது நாலாவது தடவை எரிந்தது. வண்டிக்காக ஒரு நாள், காயில்காரருக்காக மூன்று நாள், மறுபடி வண்டிக்காக ஒரு நாள். ஐந்தாம் நாள் தண்ணீர் பாய்ந்தபோது செடிக்குக் கீழே பூ மஞ்சளாகப் பாய் விரித்திருந்தது. அந்த வெள்ளாமைக்குப் போட்டது எண்பதாயிரம். 17,000 ரூபாய் ரிப்பேர் அதன் பக்கத்தில் தூசு.

சரி, இப்போது கணக்கு. பழைய வேகத்திலேயே எரிந்திருந்தால் ஐந்து வருடத்துக்கு 1,13,000 போயிருக்கும். எனக்கு ஆனது, இந்தப் போர்டு மாற்றிய 6,800-ஐயும் சேர்த்து 78,800. மிச்சம் 34,000 சொச்சம். "அந்தக் காசுக்கு அன்னைக்கே நகை எடுத்திருந்தா?" என்கிறாள் வீட்டுக்காரி. 2020 தையில் பவுன் முப்பதாயிரத்தை ஒட்டி இருந்தது. இன்றைய விலையை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாதத்தில் நான் ஜெயித்ததே கிடையாது.

இனி பெட்டி. சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர். மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போனால் நிறுத்தும், வோல்டேஜ் இறங்கினால் நிறுத்தும், தண்ணீர் வற்றி ஆம்பியர் குறைந்தால் நிறுத்தும். நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யும். ராத்திரி இரண்டே முக்காலுக்கு, செய்தி வாசிப்பது போல ஒரு பெண் குரல்: "மோட்டார் நிறுத்தப்பட்டது." பத்து நிமிடம் கழித்து, "மின்சாரம் வந்துவிட்டது." மறுபடி, "மோட்டார் நிறுத்தப்பட்டது." எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடிக்கும். "அந்தப் புள்ளைக்குத் தூக்கமே வராதா?" என்று அம்மா கேட்கிறார். மழைக்காலத்தில் ஒரே ராத்திரி பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறது. மாரடைப்பு ஏதும் வந்தால் இந்தப் பெட்டிதான் காரணம்.

திட்டிக்கொண்டே போய்க் காயில்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உங்க பழைய மோட்டார் நாலு தடவை வந்துச்சுங்களே, மூணு தடவை டூ பேஸ்ல எரிஞ்சதுங்க" என்றார். ஓடும்போது ஒரு பேஸ் போனால் மீதி இரண்டும் ஒன்றே முக்கால் பங்கு ஆம்பியர் இழுக்கும், காயில் எவ்வளவு நேரம் தாங்கும்? அதைத் தடுக்கத்தான் பழைய ஸ்டார்ட்டரில் ரிலே இருந்தது. அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று அதை வேலை செய்ய விடாமல் நான்தான் கட்டி வைத்திருந்தேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும்.

ஆக, 58,000 ரூபாய் மோட்டார் எவ்வளவு உழைத்தது, 14,000 ரூபாய் பெட்டி எவ்வளவு உழைத்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. பெட்டியைப் பழைய மோட்டாருக்கே மாட்டியிருந்தால் போதுமோ என்ற நினைப்பு வந்ததிலிருந்து அதன் மேல் இன்னும் கோபம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஆள் கிடைக்காமல் 2022-லேயே தக்காளியை விட்டுவிட்டேன். இப்போது எல்லாம் தென்னைதான். ஒரு வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் தென்னை செத்துப்போகாது. குரும்பை கொஞ்சம் உதிரும், அது எதனால் உதிர்ந்தது என்று யாருக்குத் தெரியும். தக்காளிக்காகப் போட்ட காவல் இன்று தென்னைக்கு நிற்கிறது.

மாப்பிள்ளைக்கு இருப்பதும் தென்னைதான். மோட்டார் எரிந்தால் கிணற்றிலிருந்து இறைத்துக்கொள்ளலாம். அதனால் அவனிடம் தீர்த்துச் சொல்லிவிட்டேன்: மோட்டாரும் வாங்காதே, பெட்டியும் வாங்காதே, எரியும்போது காயில் கட்டிக்கொள்.

நேற்று ஒரு வழியாக சர்வீஸ் பையன் வந்து போர்டை மாற்றினான். கிளம்பும்போது, கிணற்று மோட்டாருக்கும் இதே மாதிரி ஒரு பெட்டி போட்டால் என்ன விலை ஆகும் என்று கேட்டு வைத்திருக்கிறேன். இதை மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை.