4294967297 ஐ உடைச்ச கல்குலேட்டர், என்ட ரிவியூ

தங்கச்சிட மகள் வந்தாறுமூலை கெம்பசுக்கு எடுபட்டிருக்காள், அவளுக்கெண்டு மட்டக்களப்பு டவுன்ல ஒரு சயன்டிபிக் கல்குலேட்டர் வாங்கினன், 3,200 ரூபா. கடைக்காரப் பொடியன் "எந்த நம்பரக் குடுத்தாலும் முதன்மைக் காரணியா உடைக்கும் அண்ணே" எண்டான். சும்மா விடுவமா, கல்முனை பஸ்ஸுக்குள்ள ஏறி இருந்தோடனே பெட்டிய உடைச்சிட்டன்.

நம்பர அடிச்சி சமன் அமத்தி, மறுகா ஷிப்டோட பாகை கலை கீய அமத்தோணும். நான் குடுத்தது 4294967297, அதான் 2இன்ட 32ம் வலுவோட 1. இத முதன்மை எண் எண்டுதான் ஃபெர்மா எண்ட பழைய கணித மேதை நினைச்சிருந்தார், 1732ல ஒய்லர் எண்ட இன்னொரு கணித மேதை வந்து 641ஆல பிரிச்சிட்டார். அவர் கண்டபடி எல்லாத்தாலயும் வகுக்கல்ல, இதுக்கு காரணி இருந்தா 64ஆல வகுக்க மீதி 1 வாற முதன்மை எண்ணாத்தான் இருக்கோணும் எண்டு கண்டு பிடிச்சார், அப்ப 193, 257, 449, 577, அடுத்தது 641, அஞ்சாவதிலயே ஆள் மாட்டிட்டு.

கல்குலேட்டர் என்ன காட்டிச்செண்டா 641×(6700417). அந்த அடைப்பு என்னத்துக்கு? பழுதான சாமானத் தலைல கட்டிட்டானோ எண்டு முதல்ல கொதிதான் வந்திச்சு. அரிசி மாதிரி எழுத்தில இருந்த மெனுவல வாசிச்சாத்தான் விளங்கிச்சு, இது 3 இலக்கக் காரணி மட்டும்தான் தேடுமாம், மிச்சத்த நான் பாக்கல்ல எண்டு அடைப்புக்குள்ள போட்டிருமாம். 1018081ஐ குடுத்தா அப்பிடியே அடைப்புக்குள்ள வருது, அது ஆகச் சின்ன 4 இலக்க முதன்மை எண்ணான 1009இன்ட வர்க்கம். அதுக்குக் கீழ உள்ளது 3 இலக்கத்தால பிரிபடாட்டி கட்டாயம் முதன்மைதான், அதால 1000003க்கு அடைப்பு இல்ல. மோட்டு மிஷின் இல்ல, உண்மையத்தான் சொல்லுது, பொய் சொன்னது கடைக்காரன்.

சரி, 6700417ஐ நானே பாப்பம் எண்டு இருந்தன். அதிட காரணி பெரிய நம்பருக்கும் காரணிதானே, அதால அதுக்கும் அதே 64 கணக்குத்தான், வர்க்கமூலம் 2588 சொச்சம், அதுமட்டும் பாத்தாக் காணும், 3 இலக்கத்த மிஷின் பாத்திட்டு, 4 இலக்கத்தில மிஞ்சிறது 1153, 1217, 1409, 1601, 2113 மட்டும். அஞ்சே அஞ்சு வகுத்தல். 2113ல 3171.04 எண்டு வர நெஞ்சு திக்கெண்டது, ஆனா மீதி 94, பிரிபடல்ல. முதன்மைதான். இறங்கிற இடத்தத் தாண்டிட்டன், அது வேற கத.

10 இலக்கத்துக்கு மேல இது ஏலா. 2இன்ட 67ம் வலுவில 1 குறைச்சா 1.475739526 எண்டு தொடங்கி பத்தின்ட 20ம் வலுவோட நிக்கிது, கடைசி இலக்கமெல்லாம் போச்சு. 1903ல கோல் எண்ட கணிதக்காரர் அத 193707721, 761838257287 எண்டு ரெண்டாப் பிரிச்சது கையாலதான்.

கீ நல்ல மெது, வெயிலுக்க ஸ்கிரீன் தெரியுது, மூடி மட்டும் லூஸ். அந்தக் காசுக்கு குறை சொல்ல ஏலா. மருமகள் வாங்கினோடனே தன்ட போன் நம்பரத்தான் உடைச்சாள், அஞ்சால பிரியுதாம் எண்டு ஒரே கவல. கடைசி இலக்கம் 5, அதுக்கும் கல்குலேட்டரா கா?