கணினி இல்லாத டிரம் கிட்: பிக்கோவா, ஈஎஸ்பி32-வா, டீன்சியா?

கணினியில் செருகி வாசிக்கிற எலக்ட்ரானிக் டிரம் கிட் செய்ய, ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டே போதும். எவ்வளவு பலமாக அடித்தோம் என்பதை மிடியாக (இசைக்கருவிகள் பேசும் சமிக்ஞை மொழி) அனுப்பிவிட்டால் மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஹெட்போனை மாட்டியதும் தானாகவே ஒலிக்கும் கிட் வேண்டும் என்றால் கதை வேறு; பதிவுசெய்த ஒலிகளைப் போர்டே வைத்திருக்க வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் மோனோவில் ஒரு செகண்ட் ஒலிக்கு சுமார் 88 கேபி ஆகும். ஊனோவின் ஃபிளாஷ் (சேமிப்பு மெமரி) மொத்தமே 32 கேபி. கிராஷ் சிம்பல் அடங்கவே மூன்று நான்கு செகண்ட் ஆகுமே! ஒரு மலிவு எம்பி3 மாட்யூலை ஒட்டுப்போட்டும் பார்த்தேன். குச்சி மேலே எழும்பிய பிறகுதான் சத்தம் வந்தது. அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். கிக்கை மிதித்தால் சிம்பல் அறுந்துபோகும்.

மிச்சம் மூன்று போர்டுகள்: ராஸ்பெர்ரி பை பிக்கோ, ஈஎஸ்பி32, டீன்சி 4.1. மூன்றுக்குமே ஏழெட்டு ஒலிகளைக் கலந்து தரும் தெம்பு உண்டு என்பதால் மெகாஹெர்ட்ஸ் கணக்கை விட்டுவிடலாம். பேடுக்கு அடியில் ஒட்டிய பீசோ தகட்டை (அதிர்ந்தால் மின்னழுத்தம் தருவது) எது ஒழுங்காகப் படிக்கிறது என்பதுதான் கேள்வி. ஓங்கி அடித்தால் பீசோ பத்து வோல்ட்டையும் தாண்டும். அதை 1 மெகாஓம் ரெசிஸ்டரும் ஜீனர் டயோடும் போட்டு அடக்கிவிடலாம். தலைவலி மெல்லிய அடியில். ஈஎஸ்பி32-இன் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி), சுமார் 0.1 வோல்ட்டுக்குக் கீழே எது வந்தாலும் பூஜ்ஜியம் என்கிறது. ஸ்னேரில் பூப்போல விழும் கோஸ்ட் நோட்டெல்லாம் காணாமல் போகும். எம்சிபி3008 என்ற தனி ஏடிசி சிப்பை வெளியே வைத்தால் சரியாகும், எட்டு உள்ளீடும் கிடைக்கும். ஆனால் அப்புறம் ஈஎஸ்பி32 எதற்கு? டிரம்முக்கு வைஃபை வேண்டுமா என்ன?

பிக்கோவுக்கு அந்த வியாதி இல்லை, விலையும் குறைவு. வெளியே தெரியும் ஏடிசி கால்கள் மூன்றுதான்; ஒரு 4051 மல்டிபிளெக்சர் வைத்தால் ஒரே காலில் எட்டு பேடு. 2 எம்பி ஃபிளாஷில் சுமார் 20 செகண்ட் ஒலி அடங்கும். ஐந்து பேடுக்கு அது தாராளம்.

டீன்சி 4.1 விலையில் பல மடங்கு. அதற்கு ஈடாக 18 அனலாக் உள்ளீடு, மெமரி கார்டு ஸ்லாட், கலவைக்கும் எஃபெக்டுக்கும் ஆயத்தமான ஆடியோ லைப்ரரி எல்லாம் உண்டு. கார்டிலிருந்து பல ஒலிகளை ஒரே நேரத்தில் வாசித்தால் திணறும். போர்டின் அடிப்பக்கம் 8 எம்பி பீஎஸ்ரேம் என்ற கூடுதல் மெமரி சிப்பைச் சால்டர் செய்து ஒலிகளை அதில் ஏற்றிவிடுவது நல்லது.

ஐந்து பேடு என்றால் நான் பிக்கோதான் எடுப்பேன். ஹைஹாட் பெடல், ரிம் எல்லாம் வேண்டும் என்றால் டீன்சி. எதை எடுத்தாலும் ஒரு விஷயம்: அடி விழுந்ததும் 2 மில்லிசெகண்ட் காத்திருந்து உச்சத்தைப் பிடித்து, ஒரே அடி இரண்டாகப் பதிவாகாமல் இருக்க அடுத்த 30 மில்லிசெகண்ட் அந்த பேடைக் கவனிக்காமல் விடுங்கள். நான் முதலில் 100 வைத்திருந்தேன். ரோல் வாசித்தால் பாதி அடியைக் காணோம்.