தேர்தல் மனு: கணக்கில் துல்லியம், வேகத்தில் ஏமாற்றம்

ஊராட்சித் தேர்தலில் தோற்றதாக அறிவிக்கப்பட்டவர், வாக்கு எண்ணிக்கையில் தவறு நடந்ததாகக் கருதினால், தேர்தல் மனுவைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243-ஓ பிரிவு. தமிழ்நாட்டில் முடிவு வெளியான 45 நாள்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் இம்மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். வேறு மாற்றே இல்லாத இந்தச் சேவையின் தரத்தை மதிப்பிட, அரியானா மாநிலம் பானிபட் மாவட்டத்தைச் சேர்ந்த புவானா லாக்கு கிராமத்து வழக்கு ஒன்றே போதும்.

அக்கிராமத்தின் சர்பஞ்ச் (ஊராட்சித் தலைவர்) தேர்தல் முடிவு 2022 நவம்பர் 2 அன்று அறிவிக்கப்பட்டது. தோற்றவர் தேர்தல் தீர்ப்பாயத்தை நாடினார். 69ஆம் எண் வாக்குச்சாவடியின் வாக்குகளை மீண்டும் எண்ணுமாறு தீர்ப்பாயம் 2025 ஏப்ரலில்தான் உத்தரவிட்டது. அதையும் ஜூலை தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டிய பிறகே வேகம் பிறந்தது. 65 முதல் 70 வரையிலான எல்லாச் சாவடிகளின் இயந்திரங்களையும் தன் வளாகத்துக்கே வரவழைத்த நீதிமன்றம், இரு தரப்பினர் முன்னிலையில், காணொளிப் பதிவுடன், தன் பதிவாளர் ஒருவரைக் கொண்டு வாக்குகளை எண்ணச் செய்தது. மொத்தம் 3,767 வாக்குகளில் மனுதாரருக்கு 1,051, பதவியில் இருந்தவருக்கு 1,000 எனக் கணக்கு வந்தது. மனுதாரரை இரண்டு நாள்களுக்குள் வெற்றியாளராக அறிவிக்குமாறு ஆகஸ்ட் 11 அன்று உத்தரவு பிறந்தது. எண்ணும் வேலை ஒரே நாளில் முடிந்தது. அந்த நாளை எட்டுவதற்குள் 33 மாதங்கள், அதாவது ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் பாதிக்கு மேல், கரைந்துவிட்டது. அதுவரை ஊர் நிர்வாகத்தில் கையெழுத்திட்டு வந்தவர் 51 வாக்குகள் குறைவாகப் பெற்றவர்.

இதே உச்ச நீதிமன்றம் சண்டிகர் மேயர் தேர்தல் வழக்கை மூன்றே வாரங்களில் முடித்தது. 2024 ஜனவரி 30 அன்று 8 வாக்குச்சீட்டுகள் செல்லாதவை என ஒதுக்கப்பட்டதால், 16க்கு 12 என்ற கணக்கில் பாஜக வேட்பாளர் வென்றதாக அறிவிக்கப்பட்டார். அச்சீட்டுகளை வரவழைத்துப் பார்வையிட்ட நீதிபதிகள், தேர்தலை நடத்திய அலுவலரே அவற்றில் மைக்குறி இட்டிருந்ததைக் கண்டு, எட்டையும் செல்லத்தக்கவையாக ஏற்று, 20 வாக்குகள் பெற்ற ஆம் ஆத்மி வேட்பாளரை பிப்ரவரி 20 அன்று மேயராக அறிவித்தனர். அலுவலரின் கைவரிசை கேமராவில் பதிவாகி நாடு முழுவதும் பரவியிராவிட்டால் இவ்வளவு வேகம் கிடைத்திருக்குமா என்பது என் ஐயம். முழுமையான நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவு தரும் தனி அதிகாரத்தில் கிடைத்த அத்தீர்ப்பை, மாவட்ட நீதிமன்றத்தில் மனுவுடன் நிற்பவர் தமக்கும் கிடைக்குமென எதிர்பார்க்க முடியாது.

மனு கொடுத்தவுடன் பெட்டியைத் திறந்துவிடுவார்கள் என்று எண்ணுவோரும் உண்டு. வாக்கின் இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதால், எந்தச் சாவடியில், எந்தச் சுற்றில், எத்தனை வாக்குகள் எவ்வாறு தவறாகக் கணக்கிடப்பட்டன என்று திட்டவட்டமாகக் கூறாத மனுக்களில் மறு எண்ணிக்கைக்கு நீதிமன்றங்கள் இசைவதில்லை. இந்தக் கண்டிப்பு எனக்கு உடன்பாடே. இல்லாவிட்டால் தோற்ற ஒவ்வொருவரும் மறு எண்ணிக்கை கேட்டு நிற்பார்கள். முடிவை அறிவிக்கும் முன்பே எழுத்தில் கொடுத்த மறு எண்ணிக்கைக் கோரிக்கையின் நகலும், முகவர் குறித்துவைத்த சாவடிவாரிக் கணக்கும் கையில் இருப்பவர், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் தெம்பும் இருந்தால், இந்த வழியைத் துணிந்து நாடலாம். வெறும் சந்தேகத்தை மட்டும் வைத்திருப்பவர் வழக்கறிஞர் கட்டணத்தை மிச்சப்படுத்திக்கொள்வது நல்லது.