பூட்டனின் திதியைத் தேடிய ஏழு வருடம்: பழைய மரண அறிவித்தல்களோடு என் அனுபவம்

அம்மம்மா தன் தகப்பனுக்கு, அதாவது என் பூட்டனுக்கு, ஆடி அமாவாசை விரதம் மட்டும்தான் பிடித்தா. திதி தெரியாது. யாழ்ப்பாணத்து அளவெட்டியிலிருந்து மலாயாவுக்குப் போய் கோலாலம்பூர்ச் செந்தூல் ரெயில்வே வேர்க்‌ஷொப்பில் கிளாக்காக இருந்த மனுசன், 1938இல் லீவில் வந்து போனதோடு சரி. 1941 டிசம்பரில் யப்பான்காரன் மலாயாவில் இறங்கியதும் கடிதம் நின்றது. சண்டை முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், "யப்பான் காலத்திலை காய்ச்சலிலை போயிட்டார்" என்று சொன்ன ஒரு வசனம்தான் எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தது. வருடமும் இல்லை, மாதமும் இல்லை.

அந்த நாளைக் கண்டுபிடிக்க வேண்டுமென்று 2017இல் ரொறன்ரோவில் இருந்தபடியே தொடங்கினேன். ஏழு வருடமாக எதையெல்லாம் பயன்படுத்தினேன், எது கைகொடுத்தது, எதில் நேரமும் காசும் வீணாய்ப் போனது என்பதை எழுதுகிறேன். மலாயாவில் வேலை செய்து பென்சன் எடுத்த யாழ்ப்பாணத்து மலாயன் பென்சனியர் குடும்பங்களில் இதே கேள்வியோடு நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரியும்.

முதலில் காசு கட்டிச் சேரும் ஒரு வம்சாவளித் தளத்தில் மூன்று மாதம் இருந்தேன். ஐரோப்பிய, அமெரிக்கக் குடும்பங்களுக்கு அது பொன்சுரங்கமாக இருக்கலாம். அளவெட்டிக்காரருக்கு அங்கே ஒன்றும் இல்லை. பிறகு "பேப்பர் கட்டுகளைப் பார்த்துத் தருகிறேன்" என்ற ஒருவருக்குக் காசு அனுப்பினேன். பதிலே வரவில்லை. இந்த இரண்டைப் பற்றியும் இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை.

உண்மையில் கதவைத் திறந்தது சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய பேப்பர்கள் இருக்கும் இணையத்தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜி. 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ், 1914 முதல் 1951 வரை வந்த மலாயா டிரிபியூன், பிறகு தமிழ் முரசு என்று அந்தக் காலத்து மலாயாவே அதற்குள் இருக்கிறது. சிங்கப்பூர் பேப்பர்தானே, கோலாலம்பூர்ச் சாவு அதில் வருமா என்று முதலில் யோசித்தேன். வரும். ரெயில்வேக்காரர், டிரெசர்மார் (ஆசுபத்திரி உதவியாளர்), கிளாக்மார், ஆசிரியர்மார் என்று மலாயா முழுக்கப் பரந்திருந்த இலங்கைத் தமிழர் இங்கிலீஷ் பேப்பர் வாசித்தவர்கள். அறிவித்தலையும் அதிலேயே போட்டார்கள். பழைய நாளேடுகளை வீட்டிலிருந்தே காசில்லாமல் பார்க்கலாம். பிந்திய காலத்துப் பக்கங்கள் சில நூலகத்துக்குள் இருக்கும் கணினிகளில் மட்டும்தான் திறக்கும். அதற்கு அங்கே யாராவது தெரிந்தவர் இருந்தால் நல்லது.

முதல் இரண்டு வருடம் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிழை என்னுடைய தேடலில் இருந்தது. மரண அறிவித்தல் செய்தியாக வராது, விளம்பரமாகத்தான் வரும். நானோ தேடல் முடிவுகள் குறையட்டும் என்று விளம்பரப் பக்கங்களை விலக்கி வைத்திருந்தேன்! பிறப்பு, கலியாணம், சாவு மூன்றையும் சேர்த்து "டொமெஸ்டிக் ஒக்கரன்சஸ்" என்ற தலைப்பின் கீழ் போடும் வழக்கமும் அப்போது இருந்தது. சாவு என்ற சொல்லை மட்டும் தேடினால் அந்தப் பத்தி கண்ணில் படாமல் போகலாம்.

அடுத்தது பெயர். உதாரணத்துக்குக் கந்தையா என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷில் சிலர் கே எழுத்தில் தொடங்குவார்கள், சிலர் சி எழுத்தில். நடுவில் வை வரும், வராமலும் இருக்கும். சின்னத்தம்பி எஸ்ஸிலும் தொடங்கும், சி-எச்சிலும் தொடங்கும். வைத்திலிங்கத்துக்கு எத்தனை விதம் என்று எண்ணவே முடியாது. இதற்கு மேல், மங்கிய அச்சைக் கணினி வாசிக்கும்போது வரும் பிழைகள் வேறு. ஒரு கொப்பியில் பூட்டனின் பெயருக்குப் பதினாறு எழுத்துக்கூட்டல்களை எழுதி வைத்து ஒவ்வொன்றாகத் தேடினேன். அதைவிட ஊர்ப் பெயரைத் தேடுவது பலன் தந்தது. மனிதர் பெயர் பிழைத்தாலும் ஊர்ப் பெயரோ "ஜஃப்னா" என்ற சொல்லோ பிழைக்காமல் இருக்கும். மிஷன் காலத்துப் பேப்பர்களில் தேடுகிறவர்கள் ஊர்ப் பெயர்களிலும் கவனமாக இருங்கள். அமெரிக்க மிஷன்காரருக்கு வட்டுக்கோட்டை "பற்றிக்கோட்டா", தெல்லிப்பழை "தில்லிப்பள்ளி". பெண்களைத் தேடுவதென்றால் புருசன் பெயரில்தான் தேட வேண்டும். பூட்டியின் அக்கா ஒருவரைப் பற்றி நான் கண்ட மூன்று அறிவித்தல்களிலும் அவவின் சொந்தப் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. அதைப் பார்த்தபோது வந்த கவலை இன்னும் போகவில்லை.

இதைவிடப் பெரிய தடை யுத்தம். சிங்கப்பூர் விழுந்தது 1942 பெப்ரவரி 15. ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் அன்றோடு நின்று, 1945 செப்டெம்பர் 7இல்தான் மறுபடி வந்தது. நடுவில் வந்தது யப்பான்காரர் நடத்திய பேப்பர். பூட்டன் செத்தது அந்த மூன்றரை வருடத்துக்குள். அந்த நாட்களில் சனம் சோற்றுக்கே அலைந்தது, சயாம் ரெயில்பாதைக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோனார்கள். அப்போது ஒரு கிளாக்கின் சாவை யார் பேப்பரில் போட்டிருப்பார்கள்? ஒரு வருடம் நான் தேடுவதையே விட்டுவிட்டேன்.

திரும்பத் தொடங்கியது வேறொரு குடும்பத்தின் அறிவித்தல் ஒன்று தற்செயலாகக் கண்ணில் பட்டதால். அது "இன் மெமோரியம்", எங்கள் பாசையில் நினைவஞ்சலி. 1943இல் செத்த ஒருவருக்கு 1947இல் போட்டிருந்தார்கள். அப்போதுதான் விளங்கியது. செத்த நாளில் போட முடியாமல் போனவர்கள், பேப்பர் திரும்பி வந்ததும் ஆண்டுத் திவசத்துக்குப் போட்டிருப்பார்கள். அதன்பிறகு 1942 முதல் 1945 வரையான நாட்களை விட்டுவிட்டு, 1945 கடைசி முதல் 1950 வரை நினைவஞ்சலிகளை மட்டும் பார்க்கத் தொடங்கினேன். சொல் போட்டுத் தேடுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து இருபது பக்கம் கண்ணால் பார்ப்பேன்.

பதினோரு மாதத்துக்குப் பிறகு கிடைத்தது. 1946 செப்டெம்பர், மலாயா டிரிபியூன். நாலு வரி. பூட்டனின் பெயர், எஃப்.எம்.எஸ். (ஐக்கிய மலாய் மாநிலங்கள்) ரெயில்வே, செந்தூல், 1944 செப்டெம்பர் 12. போட்டவர் "மருமகன்". பெயரில் நான் எழுதி வைத்த பதினாறு கூட்டல்களில் ஒன்றும் இல்லை, பதினேழாவது ஒன்று. இரவு பதினொன்றரை மணிக்கு அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா.

மருமகன் யார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அங்கேதான் இரண்டாவது களஞ்சியத்துக்குப் போக வேண்டி வந்தது. நூலகம் நிறுவனம் 2005இல் தொடங்கி ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் போயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் காரியாலயத்தையும் எரித்தார்கள். அப்படி அழிந்த ஊரின் பேப்பர்களை வீடு வீடாகத் தேடி எடுத்துச் சேர்க்கிறார்கள் என்பதே பெரிய காரியம். 1841இல் தொடங்கிய உதயதாரகை, 1889இல் சைவ பரிபாலன சபை தொடங்கிய இந்துசாதனமும் அதன் இங்கிலீஷ்த் தோழன் இந்து ஓர்கனும், 1959இல் தொடங்கிய ஈழநாடு எல்லாம் அங்கே உண்டு. எல்லா நாளும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கிடைத்த இதழ்கள் இருக்கின்றன. பக்கங்கள் பெரும்பாலும் படமாக இருப்பதால் பெயரைத் தட்டித் தேட ஏலாது. ஆண்டையும் மாதத்தையும் தெரிந்துகொண்டு போய், பீடிஎஃப்பை இறக்கி, கடைசிப் பக்கம்வரை புரட்ட வேண்டும். எனக்கு அது பாரமாக இருக்கவில்லை. பக்கத்தில் வரும் சினிமா விளம்பரமும் வெங்காய விலையும் பார்த்துப் பார்த்து ஊரில் இருந்த மாதிரி இருந்தது.

எங்கள் தமிழ் மரண அறிவித்தலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் அறிவித்தலில் நாலு வரிதான். தமிழில் வருவது ஒரு வம்சாவளி. "அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் கிள்ளானை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, "காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் புத்திரனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், மாமனாரும், மைத்துனரும்" என்று போய், "உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்று முடியும். இதில் "காலஞ்சென்ற" என்ற சொல்லை விடாமல் பிடியுங்கள். ஒருவர் 1962 அறிவித்தலில் அந்தச் சொல் இல்லாமல் வருகிறார், 1967 அறிவித்தலில் அந்தச் சொல்லோடு வருகிறார் என்றால் நடுவில்தான் போயிருக்கிறார். பூட்டனின் தம்பியை நான் அப்படித்தான் ஐந்து வருட இடைவெளிக்குள் கொண்டுவந்தேன். கிழமையையும் திகதியோடு ஒத்துப் பாருங்கள். "18.6.67 ஞாயிற்றுக்கிழமை" என்றால் சரி, அன்று ஞாயிறுதான். ஒத்துவரவில்லையென்றால் அச்சில் இலக்கம் மாறியிருக்கிறது.

மருமகனின் அறிவித்தல் ஈழநாட்டின் அறுபதுகளின் கடைசி இதழ் ஒன்றில் இருந்தது. மலேசியாவின் கிள்ளானில் காலமானாலும் ஊர்ச்சனம் அறியட்டும் என்று யாழ்ப்பாணத்திலும் போட்டிருக்கிறார்கள். பூட்டனின் தங்கச்சியின் மகன். பிள்ளைகள் ஐந்து பேரின் பெயரும் இருந்தது. அதைக்கொண்டு இன்று மலேசியாவில் ஒரு குடும்பத்தோடு கதைக்கிறோம். பூட்டனைக் கடைசி மூன்று மாதமும் பார்த்தது அவர்களின் தகப்பன்தான் என்று அவர்கள் சொல்லித் தெரியவந்தது. மலேரியாவாம், மருந்து கிடைக்கவில்லையாம்.

ஒரே பெயரைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு இந்த ஏழு வருடத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். தேடுகிற ஆளின் அறிவித்தல் கிடைக்காவிட்டால் அவருடைய தங்கச்சி, மச்சான், மருமகன், பெறாமகள் ஆகியோரின் அறிவித்தல்களைத் தேடுங்கள். 31ஆம் நாளை ஒட்டி வரும் நன்றி நவிலல்களையும் பாருங்கள். யார் யார் தந்தி அடித்தார்கள், யார் மலர்வளையம் வைத்தார்கள் என்று சிலவற்றில் இருக்கும். இலங்கை வானொலியில் வாசித்த மரண அறிவித்தல்களைத்தான் தேடி எடுக்க வழியில்லை. மத்தியானம் அந்தக் குரல் கேட்டதும் அம்மம்மா அகப்பையை வைத்துவிட்டுக் காது கொடுத்து நிற்பா. எத்தனை ஆயிரம் பெயர் அப்படிக் காற்றோடு போயிருக்கும்.

கடைசியாகக் கல்வெட்டு. இந்தியத் தமிழருக்குக் கல்வெட்டு என்றால் கோயில் சுவர். எங்களுக்கு 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்தில் கையில் தரும் நினைவுமலர். வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, தேவாரம், புலம்பல் எல்லாம் இருக்கும். தொடக்கத்தில் திதி வெண்பா. என்ன ஆண்டு, என்ன மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), என்ன திதி என்று நாலு அடியில் கட்டியிருப்பார்கள். நூலகம் நிறுவனத்தின் தளத்தில் இப்படியான நினைவுமலர்கள் ஏராளமாகச் சேர்ந்திருக்கின்றன. உங்கள் வீட்டு அலுமாரியிலும் இருந்தால் தயவுசெய்து எறிய வேண்டாம், ஸ்கான் செய்து கொடுங்கள். பூட்டியின் கல்வெட்டு எங்கள் மாமா வீட்டில் கரையான் தின்றது போக மிஞ்சிக் கிடந்தது. அதில் பூட்டிக்குத் திதி வெண்பா இருக்கிறது. வம்சாவளியில் பூட்டனின் பெயருக்கு நேரே "மலாயா" என்ற ஒரு சொல் மட்டும்.

1944 செப்டெம்பர் 12ஐ அம்மா ஐயர் ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பித்தா. தாரண ஆண்டு, ஆவணி மாதம், அபரபக்கத் தசமி. போன ஆவணியில் ஸ்காபரோவில், எண்பத்திநாலு வயதில், அம்மா முதல்தரம் தன் அம்மப்பாவுக்குத் திதியில் படைத்தா. வாழைக்காய்க் கறியும் பயற்றங்காயும் வைத்து, படத்துக்குப் பதிலாக அந்த நாலு வரிப் பேப்பர் துண்டைப் பெரிதாக்கி எடுத்துக் கண்ணாடி போட்டு வைத்தோம். கிள்ளான் குடும்பம் வீடியோவில் இருந்தது. மாமாவின் மகன் வெண்பா கட்டத் தெரிந்தவன், ஒரு திதி வெண்பா எழுதி வந்து வாசித்தான். அதை அச்செடுத்துப் பூட்டியின் கல்வெட்டுக்குள், "மலாயா" என்று இருந்த பக்கத்தில், அம்மா ஒட்டி வைத்திருக்கிறா.

எந்த மயானம் என்பது இன்னும் கிடைக்கவில்லை. இப்போது 1946 முதல் 1950 வரையான நன்றி நவிலல்களைப் பார்த்து வருகிறேன், நாளுக்கு இருபது பக்கம்.